பிராசஸர் மாற்றிய பிறகு தோற்ற ஸ்பிரிங்குகள்

1. லாரி நிற்கிறது

1991-இல் சுங்குவார்சத்திரம் அருகே ஒரு ஸ்பிரிங் கம்பெனியில், இன்ஸ்ட்ருமென்ட் செக்‌ஷனில் டிரெய்னியாக இருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

டெஸ்டிங் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெரிய கம்பெனி ஒன்று ரெடிமேடாகச் சேர்த்து விற்றது, 286 என்ற பழைய ரக பிராசஸர். அதிலிருந்து ஒரு ஒயர் பக்கத்து லோடு டெஸ்டிங் பிரஸ்ஸுக்குப் போகும். பிரஸ் ஸ்பிரிங்கை ஒரு அளவுக்கு அமுக்கும், அது எத்தனை கிலோ எதிர்த்துத் தாங்குகிறது என்று கம்ப்யூட்டர் படித்து, அந்த எண்ணோடு PASS, REJECT என்று காட்டும். பிறகு அதே கம்ப்யூட்டர்தான் கிராஃபோடு டெஸ்ட் சர்டிஃபிகேட் தயாரிக்க வேண்டும். அதற்குத்தான் அநியாய நேரம் பிடித்தது. சரக்கு ஏற்றிய லாரி சர்டிஃபிகேட்டுக்காக கேட்டில் நிற்கும்.

எங்கள் மேனேஜர் நரசிம்மன் ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "புது மெஷின் கேட்டா ஹெட் ஆபீஸ்ல இந்த வருஷம் பேச்சே எடுக்காதேங்கறா. பிராசஸரை மட்டும் மாத்தினா வேகமா போகுமாமே? சர்வீஸ்காரனைக் கூப்பிட்டிருக்கேன். நீ கூட இருந்து பார்த்துக்கோ."

சென்னையிலிருந்து ரவி என்ற சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். அவர் கொண்டுவந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சின்ன போர்டு. அதன்மேல் 386 என்ற அடுத்த ரக, வேகமான சிப் இருந்தது. பழைய சிப்பைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரெடிமேட் பெட்டிக்குள் இடம் இருந்தால்தானே? போர்டு உயரம், மேலே ஃப்ளாப்பி டிரைவின் தகடு இடித்தது. தகட்டைக் கழற்றி டிரைவை ஒரு துளை தள்ளிப் பூட்டினோம். ரவி கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி போர்டை அமுக்கினார். பவர் போட்டதும் திரையில் மெமரி எண்கள் ஓடின.

"வந்துருச்சு மேடம்," என்றார்.

இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளைப் போட்டுப் பார்த்தோம். சரியாக வந்தது. சர்டிஃபிகேட் பாதி நேரத்துக்கும் குறைவில் பிரின்ட்டருக்குப் போயிற்று. நரசிம்மன் சார் அன்று எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தந்தார்.

2. ஏகாம்பரம்

சில நாள் கழித்து ஒரு பெரிய ஸ்பிரிங் ஆர்டர் ஓட ஆரம்பித்தது. டெஸ்டிங்கில் பாதிக்கு மேல் REJECT. எல்லாம் ஒரே குறை, லோடு கம்மி. ஸ்பிரிங் சாஃப்டாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஸ்பிரிங்கைக் காய்ச்சி இறுக்குவது ஃபர்னஸில் என்பதால், சாஃப்டாக இருந்தால் எல்லோர் விரலும் ஃபர்னஸ் பக்கம்தான் நீளும்.

ஃபர்னஸ் ஆபரேட்டர் ஏகாம்பரம் வல்லம் வடகால்காரர். முன்கோபி. முன்பு ஒரு தடவை ஷிஃப்டில் தூங்கி மாட்டியிருந்தார். அதனால் இந்தத் தடவை யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. கஸ்டமருடைய இன்ஸ்பெக்டர் வரப்போகிற நேரம். நரசிம்மன் சார் ஷிஃப்ட் மாறும்போது எல்லோர் முன்னாலும் அவரை நிறுத்தி, மறுபடியும் தூங்கிவிட்டதாகத் திட்டி, கையில் மெமோ கொடுத்து, யார்டில் லோடிங் வேலைக்கு அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் ஏகாம்பரம் டெஸ்டிங் ரூமுக்குள் நுழைந்தார். தோளில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு ரிஜெக்ட் ஸ்பிரிங்.

"இத்த திருப்பிப் போடும்மா."

"அண்ணே, யார்ட் ஆளுங்க இங்க வரக்கூடாது."

"மெமோ குடுத்தாச்சு. இன்னும் இன்னா பண்ணுவாங்க? நீ போடு."

போட்டேன். REJECT.

"இன்னொருவாட்டி."

மறுபடியும் REJECT, ஆனால் வேறு எண். அவர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது? ஒரே ஸ்பிரிங்கு நிமிசத்துக்கு ஒரு வெயிட்டு காட்டுது. ஸ்பிரிங்கு தூங்குதா, நான் தூங்கினனா?"

மூன்றாவது முறை போட்டேன். இந்தத் தடவை திரையை விட்டுவிட்டு பிரஸ்ஸைப் பார்த்தேன். அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், திரையில் அதற்குள் REJECT விழுந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பிரஸ் கீழே போய் நின்றது.

முழுசாக அமுக்குவதற்கு முன்பே கம்ப்யூட்டர் எடையைப் படித்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் முன்பக்கத்தில் டர்போ பட்டன் என்று ஒன்று உண்டு. அதை அணைத்தால் மெஷின் பழையபடி மெதுவாக ஓடும். அணைத்துவிட்டு அதே ஸ்பிரிங்கைப் போட்டேன். பிரஸ் இறங்கியது, நின்றது, கொஞ்சம் காத்திருந்தது. PASS.

ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் யாரோ எழுதியது. பிரஸ் இறங்கி முடிப்பதற்காக, கம்ப்யூட்டரைச் சும்மா ஒன்று இரண்டு என்று ஒரு எண் வரைக்கும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். பழைய பிராசஸர் எண்ணி முடிப்பதற்குள் பிரஸ் நின்றுவிடும். புதியது விறுவிறுவென்று எண்ணி முடித்துவிட்டது. சின்ன ஸ்பிரிங்குக்கு பிரஸ் இறங்கும் தூரம் குறைவு, அதனால் நாங்கள் சோதித்த அன்று தெரியவில்லை.

3. மேனேஜர் ரூம்

"கம்ப்யூட்டர் வேகமா போனா ஸ்பிரிங் வீக் ஆயிடுமா? வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்றார் நரசிம்மன் சார்.

வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனேன். டர்போ போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி. புரோகிராமை மாத்திடு. மெமோவை நான் வாங்கிக் கிழிச்சுடறேன்."

நான் அப்படியே வந்திருக்கலாம். டிரெய்னிக்கு அதுதான் நல்லது. ஆனால் யார்டில் ஏகாம்பரத்தோடு நின்றவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"சார், மெமோவை யாரும் படிக்கல. நீங்க பேசினதைத்தான் எல்லாரும் கேட்டாங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்குச் சொல்லிக்குடுக்கறியா? போய் வேலையைப் பாரு."

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, வீட்டில் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நரசிம்மன் சார் லைனுக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "ஃபர்னஸ்ல தப்பு இல்ல. டெஸ்டிங் கம்ப்யூட்டர்ல தப்பு. ஏகாம்பரம் அவர் இடத்துக்குப் போகலாம்," என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஏகாம்பரம் நகரவில்லை. "சார், யார்டுல செவப்பு அடிச்சி வச்சிக்கீது பாரு, அந்தக் குவியல் மொத்தமும் திருப்பி டெஸ்ட் பண்ணணும். அப்பறம் போறேன்."

இப்போது புரோகிராமில் எண்ணுகிற வேலை இல்லை. கம்ப்யூட்டர் உள் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கும்படி மாற்றியிருந்தேன். பிராசஸர் எதுவானாலும் ஒரு வினாடி ஒரு வினாடிதான். ஏகாம்பரம் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொன்றாகப் போட்டேன். PASS, PASS என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் சில மட்டும் மறுபடியும் REJECT ஆயின. நான் தயங்கி அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் அவற்றைத் தனியாக அடுக்கினார். "இது நெஜமாவே சாஃப்ட்டு. இது நம்ம தப்பு, ஒத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அந்தச் சிலவற்றைத் தானே சுமந்துகொண்டு ஃபர்னஸ் பக்கம் போனார்.

அதன் பிறகு பல கம்பெனிகளில், எத்தனையோ மெஷின்களில் எவ்வளவோ பார்ட்டுகள் மாற்றியிருக்கிறேன். பவர் வந்துவிட்டது, வேகம் கூடிவிட்டது என்பதற்காக மட்டும் வேலை முடிந்ததாக நான் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த மெஷின் யாரை எடைபோடுகிறதோ அந்த ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துவேன். இது நல்லது என்று அவருக்கும் எனக்கும் நிச்சயமாகத் தெரிந்த ஒரு பீஸை, ரகத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பார்ப்பேன். கொஞ்சம் நேரமாகும். லாரி நிற்கட்டும்.