அக்கராயனுக்குப் பந்தல் கொண்டுபோன செல்வரத்தினம் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை பரந்தன் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தொலைபேசி அடித்தது. செல்வரத்தினம் அண்ணையின் மனைவி. "தங்கச்சி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. இனி அந்தக் கடையில் நான் தனியே இருக்க வேண்டுமே என்ற பயம். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பரந்தனில் பந்தல், கதிரை, சமையல் கிடாரம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. ஓடர் எழுதுவதும் தொலைபேசி எடுப்பதும் பதினொரு வருடமாக என் வேலை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய முருக பக்தர் அவர். தன் கிடாரங்களில் மச்சம் மாமிசம் சமைக்க யாரையும் விடமாட்டார். ஆட்டிறைச்சி விருந்துக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும், "கதிரையைக் கொண்டுபோங்கோ, பந்தலைக் கொண்டுபோங்கோ. கிடாரம் மட்டும் கேளாதேங்கோ" என்பார். ஒருமுறை முல்லைத்தீவிலிருந்து கலியாணத்துக்குப் பந்தல் கேட்டு வந்த முஸ்லிம் பெரியவரிடம், "ஹலால் பாக்கிற உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை" என்றார். பெரியவர் சிரித்துவிட்டுப் பந்தலை மட்டும் எடுத்துப் போனார்.

போன மாரிகாலத்தில் அக்கராயன் கிராமத்தில் ஒரு அம்மா இறந்துபோனார். அந்தக் குடும்பம் சில வருடங்களுக்கு முன் சைவத்தை விட்டு, கிறிஸ்தவ ஜெபக்கூடத்துக்கு மாறியிருந்தது. அதில் அண்ணைக்கும் விருப்பமில்லை, வெளிப்படையாகவே சொல்வார். அன்று மத்தியானம், மதம் மாறுவதை எதிர்க்கும் நான்கு பேர் மோட்டார் சைக்கிள்களில் வந்தார்கள். "அந்தச் செத்தவீட்டுக்கு ஒருத்தரும் பந்தல் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறம். குடுத்தால் பிறகு எங்களைக் குறை சொல்லாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வந்திராது.

அரை மணித்தியாலத்தில் இறந்தவரின் மகன் தொலைபேசியில் கேட்டார். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. "பந்தல் எல்லாம் வாடகைக்குப் போயிட்டுது தம்பி" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். பின்னால் அண்ணை நின்றதை நான் காணவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"உங்களுக்கும் அவையளைப் பிடிக்காதுதானே அண்ணை."

"கிடாரம் குடுக்காதது நான் சாமிக்கு வச்ச நேர்த்தி. ஆர் கேட்டாலும் ஒண்டுதான். இது அப்பிடியில்லை. மழைக்குள்ள ஒரு பிரேதம் கிடக்குது. பயத்துக்குத் திருநீறு பூசாதேயும் தங்கச்சி."

அவருக்கும் பயம் இருந்தது. பந்தலுக்கு மேலே விரிக்கும் தறப்பாளை மடிக்கும்போது வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மகனைத் திரும்ப அழைத்து, "பந்தல் இருக்கு, வாறம்" என்று சொல்லி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தானே ஏறிப் போனார். அவர் திரும்பி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல வாரம் அந்த மோட்டார் சைக்கிள்கள் கடை வாசலில் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போயின. தலைக்கவசம் போட்ட யார் உள்ளே வந்தாலும் நான் எழுந்து நிற்பேன். வருடா வருடம் அவர் பந்தல் போட்ட கோயில் திருவிழாவுக்கு இந்த முறை அவரைக் கூப்பிடவில்லை. மதம் மாறினவர்களுக்குப் பந்தல் கொடுத்தது கோயில்காரரின் கொள்கைக்கு ஒத்துவராதாம். "அவையின்ர கோயில், அவையின்ர விருப்பம்" என்றார். கொடியேற்ற நாளன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தார். அந்தக் கவலைதான் அவரைக் கொண்டுபோனதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவர்கள்மேல் இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

புதன்கிழமை அண்ணையின் வீட்டு முற்றத்தில் நானே நின்று பந்தல் போடுவித்தேன். அந்த நான்கு பேரும் வந்து எங்கள் கதிரைகளிலேயே இருந்தார்கள். படலைக்கு வெளியே, கையில் பூமாலையோடு, அக்கராயன் அம்மாவின் மகன் நின்றார். உள்ளே வரவில்லை. அந்த நான்கு பேரைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு விளங்கியது. காணாததுபோல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழுந்து படலையடிக்குப் போனேன்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி."

"பயமாக் கிடக்கு அக்கா."

"எனக்கும்தான். வாங்கோ."

இருவரும் அந்த நான்கு கதிரைகளைக் கடந்து போனோம். ஒருவர் எழுந்து வெளியேறினார். மற்ற மூவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி மாலையை அண்ணையின் காலடியில் வைத்துவிட்டு, தன் முறைப்படி கண்ணை மூடி நின்றார். அவர் முடிக்கும்வரை நானும் பக்கத்தில் நின்றேன்.

அண்ணை, எனக்குப் பயம் போகவில்லை. திங்கட்கிழமை கடையைத் திறக்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.