ஆட்சேபம் எதுவும் வரவில்லை

சுவிட்சர்லாந்தின் பாடனில் லிம்மாட் ஆற்றங்கரையோரம் தினமும் காலையில் நடக்கிறேன். மகள் வீட்டில் ஓய்வு பெற்ற தகப்பனுக்கு ஒதுக்கப்பட்ட பணி அது. போன வாரம் ஒரு பழைய பட்டறையைச் சுற்றி நான்கு உயரமான கம்பங்கள் முளைத்திருந்தன. கம்பியும் இல்லை, விளக்கும் இல்லை. எதையும் தாங்காமல் விறைப்பாக நின்றன, என் பழைய மேலதிகாரிகள் சிலரைப் போல.

எதிரே சிவநேசன் வந்தார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை.

"அண்ணை, உது புதுக் கட்டடம் எவ்வளவு உயரம் வருமெண்டு காட்டுற கம்பம். சனம் பாத்திட்டு, பிடிக்கேல்லையெண்டால் நகரசபைக்குக் கடிதம் போடலாம்."

"எத்தனை நாள் அவகாசம்?"

"முப்பது நாள். ஏன், போடப் போறியளோ? போடாட்டி உங்களுக்கு நித்திரை வராதே!"

அவர் சிரித்தார். எனக்கு உடைந்த காரையின் வாசனை வந்தது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த பழைய காரை உடைந்தால் ஒரு புளித்த வாசனை எழும்பும். தொண்டையில் ஒட்டினால் லேசில் போகாது.

தொல்லியல் துறை உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் என்னை வங்காளத்துக்கு அனுப்பினார்கள். ஹூக்ளி ஆற்றங்கரையில், ஐரோப்பியர்கள் வந்து வியாபாரம் பண்ணி, பீரங்கியால் அடித்துக்கொண்டு, கடைசியில் கல்லறைகளை மட்டும் விட்டுப்போன ஊர்களில் ஒன்று. ஆறு தூர்ந்து கப்பல்கள் நின்றுபோயின. பிறகு வந்த சணல் ஆலைகளும் மூடிக்கொண்டன. மிஞ்சியவை ஆற்றைப் பார்த்த தூண் வைத்த மாளிகைகள். அவற்றில் காப்பாற்றத் தக்கவற்றைப் பட்டியலிடுவது என் வேலை.

அந்த ஊரில் வீடுகள் தாமாகச் சாவதில்லை. வாரிசுகள் கல்கத்தாவில் இருந்தபடி, அடுக்குமாடி கட்டும் ப்ரோமோட்டரிடம் விற்றுவிடுவார்கள். முதலில் ஜன்னல்கள் கல்லடி படும். அடுத்து தண்ணீர்த் தொட்டி உடையும். அதற்கும் காலி செய்யாத வாடகைக்காரர் உதைபடுவார். என் பட்டியலின் முதல் வீட்டில் அப்படி இருமுறை உதைபட்டும் நகராமல் இருந்தவர் நிர்மல் பாபு. பெரம்பூரில் இருபது வருஷம் ரயில்வே வேலை பார்த்த வங்காளி. மீன் குழம்பையும் பெரம்பூர்த் தமிழையும் ஒரே வேகத்தில் பரிமாறுவார்.

"இன்னா சார், நோட்டீஸ் உடப் போறியாமே?"

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்குமுன் உரிமையாளருக்கு முப்பது நாள் அவகாசம் தரவேண்டும் என்று விதியை எண்ணோடு சொன்னேன். விதிகளின் எண்கள் இன்றும் எனக்கு மனப்பாடம். பேரனின் பிறந்தநாள்தான் மறந்துபோகும்.

"கட்றதுக்குத்தான் சார் நாளு வேணும். இடிக்க ஒரு காலைப் பொழுது போதும். மொதல்ல வாசல்ல ரெண்டு போலீஸைப் போடு. அப்பால அனுப்பு உன் காயிதத்தை."

"அப்படி வழிமுறை இல்லை."

"ஆமா, நீ கம்பு எடுக்க மாட்டே. பாம்புக்கே லெட்டர் போடுவே."

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். நான்காம் நாள் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் காலை கடப்பாரைகளோடு இருபது பேர் வந்தார்கள். செய்தி கேட்டு நான் ஓடியபோது தூண்களில் சங்கிலி கட்டி லாரியால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்மல் பாபு படியில் நின்று என் நோட்டீசின் நகலை ஆட்டி, "கவர்மெண்டு! கவர்மெண்டு!" என்று கத்தினார். ஒருவன் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிச் சுருட்டி அவர் வாயில் திணித்தான். திணித்த வாயின் மேல் கடப்பாரையின் பின்முனையால் இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் தெருவுக்கு இப்பால் வரை கேட்டது. விழுந்தவரின் முழங்காலில் இன்னொருவன் அடித்தான். எழ முடியாமல் கிடந்தவரை மறுபடி அடித்தான். முதல் தூண் சரிந்து வெள்ளைத் தூசு எல்லோரையும் மூடியது.

நான் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். சட்டைப்பையில் அரசு அடையாள அட்டை இருந்தது. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. என்னைக் கண்டதும் மூன்று விரல்களைக் காட்டினார். பிறகு அதே கையை வட்டமாகக் குவித்தார். முப்பது. கண் மட்டும் சிரித்தது. அடுத்த வாரம் இறந்துபோனார்.

முப்பத்தோராம் நாள் கோப்பு என் மேசைக்கு வந்தது. இல்லாத வீட்டைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமானால் உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும்; கட்டடத்தை நேரில் பரிசோதிக்கவும் வேண்டும். விண்ணப்பமும் இல்லை, பரிசோதிக்கக் கட்டடமும் இல்லை. அடித்தவர்கள் பெயரைக் கேட்டு எழுத விதியில் இடம் இருந்தது. எனக்குத் தைரியம் இல்லை. "ஆட்சேபம் எதுவும் வரவில்லை. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே வருவதற்கு முன் ஒருமுறை அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். கரை நெடுக அடுக்குமாடிகள். படித்துறை கான்கிரீட்டுக்கு அடியில். பெரம்பூர்த் தமிழ் பேசிய வங்காளியை யாருக்கும் நினைவில்லை. மாளிகை மட்டும் என் பட்டியலில் முதல் வீடாக, எட்டுத் தூண்களோடு, நல்ல நிலையில் இருக்கிறது. சட்டப்படி அதை இன்றுவரை யாரும் தொட முடியாது.