எப்போதும் என்று தொட்டுவிட்டேன்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறி பார்க்கிறேன். சத்தம் மாறுவதை வைத்தே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதில்தான் சில மாதங்களாக ஓயாத விசில். காது மந்தமான ஒருவரை முதலாளி தறியிலிருந்து எடுத்து நூல் சுற்றப் போட்டுவிட்டார், கூலி பாதியாகிவிட்டது. அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. போனில் தேடலாம் என்று நினைத்தேன்.

அதிலும் சிக்கல். என் போனிலும் மகள் போனிலும் ஒரே மெயில். நான் தேடுவது அவள் போனிலும் வந்து நிற்கும். முன்பு ஒருமுறை கால் நரம்பு சுருண்டிருப்பதைப் பற்றித் தேடினேன். அன்று மாலையே தென்காசியிலிருந்து கூப்பிட்டு, "எப்பா, காலுக்கு என்ன செய்யுது? மறைக்காம சொல்லுங்க" என்றாள். வீட்டில் ஆளாளுக்கு என் வேட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஆகவே வேறொரு பிரவுசரை இறக்கினேன். இதில் திறப்பது இந்த ஒருமுறை மட்டுமா, எப்போதுமா என்று போன் கேட்டது. பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. பதறி 'எப்போதும்' என்பதைத் தொட்டுவிட்டேன். அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் அதுதான் திறக்கிறது. வாயால் கேட்டால் உரக்கப் பதில் சொல்லும். மாற்றத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டால், என்ன தேடினாய் என்பார்கள்.

தமிழில் எழுத்துக் கூட்டித் தேட எனக்கு வெகு நேரமாகும். மைக்கைத் தொட்டுப் பேசினால், தறிச் சத்தத்தில் 'கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்' என்று வரும். டீக்கடையில் ஆட்கள். வீட்டில் மனைவி. ஒருநாள் தறிகளுக்கு நடுவில் நின்று, போனை வாயோடு ஒட்டிவைத்துக் கத்திக் கேட்டுவிடலாம் என்று துணிந்தேன்.

மைக்கைத் தொட்டு வாயைத் திறந்ததும் கரண்ட் போய்விட்டது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

"தறிச் சத்தத்துல காது போயிருமா?"

கூடம் முழுக்கக் கேட்டது.

"யாருகிட்ட வே கேக்கீரு?" என்றார் பக்கத்துத் தறிக்காரர்.

"அண்ணாச்சி போனுக்குள்ள ஒரு டாக்டரை வச்சிருக்காரு" என்றான் எதிர்த் தறிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

போன் பதில் சொல்லத் தொடங்கியது. கூசிப்போய், அதை நிறுத்த எங்கெங்கோ தொட்டேன்.

"நிறுத்தாதேயும் வே. முதலாளி வெளிய போயிருக்காரு" என்றார் பக்கத்துத் தறிக்காரர். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் ரெண்டு வருசமா விசில் அடிக்கு. சத்தத்தக் கூட்டி வையும்."

கூட்டி வைத்தேன். இரைச்சலான இடங்களைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்றது.

"விலகி எங்கன போக?" என்றார்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அது இன்னும் பேசிக்கொண்டிருப்பது நெஞ்சில் அதிர்வாகத் தெரிந்தது. நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டேன்.