புதுப் பெயின்ட் அடித்த பாய்லர்

ஆலங்குளம் அருகே நானும் தம்பியும் அரிசி ஆலை தொடங்கினோம். புது இயந்திரத்துக்கு மட்டும்தான் அரசு மானியம் தரும். ஆனால், "பெயின்ட் அடிச்சா எல்லாம் புதுசுதான் அண்ணாச்சி, பில்லு நான் தாரேன்" என்ற வியாபாரியை நம்பி, நெல் அவிக்கப் பழைய பாய்லரை வாங்கினோம்.

விண்ணப்பத்துக்கு, ஓடும் பாய்லரின் அருகே உரிமையாளர் நிற்கும் படம் வேண்டும். தம்பி புதுச் சட்டையோடு போய் நின்றான். செல்போன் திரையில், அவன் தோளுக்குப் பின்னால் பச்சைப் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. அதன் நடுவே ஒரு விரிசல் நீண்டுகொண்டே வந்தது.

"ஏலே, இங்கன ஓடியா."

"மாப்பிள்ளை மாதிரி நிக்கேன், முதல்ல எடுண்ணே."

கையைப் பிடித்து இழுத்தேன். வாசலைத் தாண்டியதும் பாய்லர் வெடித்தது. அவன் நின்ற பக்கத்துச் சுவர் இடிந்து கிடந்தது.

மானியம் கேட்டு நாங்கள் போகவில்லை. தம்பி இப்போதும் படத்துக்கு நிற்பதில்லை. நான் எந்த இயந்திரமானாலும் பெயின்ட்டைச் சாவியால் சுரண்டிப் பார்த்த பிறகே விலை கேட்கிறேன்.