இருபத்து மூன்றாம் சாவடி

நம்பாதவர்கள் குல்சானா அக்காவைக் கேட்டுப் பாருங்கள். அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. அவளும் நானும் சேர்ந்துதான் அதைக் கேட்டோம்.

போன ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நாரின் ஊருக்கு மேலே கணவாய்ச் சாலையில் பனிச்சரிவைக் கவனிக்க ஒன்பது பனிச்சாவடிகள், எண் பதினொன்று முதல் பத்தொன்பது வரை. ஒவ்வொன்றிலும் ஒரு காவலாள், ஒரு இன்டர்நெட் ஃபோன். எல்லா அழைப்பும் நானும் அக்காவும் வேலை பார்க்கும் அலுவலகத்து சர்வர் வழியாகத்தான் போகும். அதில் ஓடுவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற இலவச மென்பொருள். அதில் ஒரு ஓட்டை இருப்பதாக அந்த வாரம் அறிவித்திருந்தார்கள். பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் நுழைந்து, சாவடிக்காரன் போலப் பேசலாமாம். அதை அடைக்கும் அப்டேட்டைப் போடுவது என் வேலை.

3.40க்கு சர்வரை நிறுத்தினேன். கீழ் கேட்டில் பதினோரு பேருடன் ஒரு மினி பஸ் நின்றது. ஃபோன் திரும்பி, ஒன்பது சாவடியும் சரி என்றால்தான் அக்கா அதை மேலே விடுவாள்.

"சீக்கிரம் முடி, திலெக். பஸ்காரங்க வாக்கிடாக்கியில திட்டறது உனக்கில்ல, எனக்குத்தான் கேக்குது," என்றபடி தேநீர் ஊற்றினாள்.

3.52. மேசை ஃபோன் அடித்தது.

சர்வர் நின்றிருந்தது. அடிக்க வழியே இல்லை.

அக்கா ஸ்பீக்கரைத் தட்டினாள். காற்றின் இரைச்சல்... அதற்குள் ஓர் ஆண் குரல்.

"குல்சானா அக்கா... வண்டிய மேல விடாதீங்க."

"யாரு பேசறது?"

"இருபத்தி மூணாம் சாவடி."

அப்படி ஒரு எண்ணே எங்களிடம் இல்லை. சர்வரை நிறுத்துமுன்பே எவனோ ஓட்டை வழியாக நுழைந்து இந்த ஃபோனில் விளையாடுகிறான் என்று நினைத்தேன். கேபிளைப் பிடுங்கினேன். அந்த ஃபோனுக்கு மின்சாரமும் அதில்தான் வருகிறது.

திரை அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

"விடாதீங்கக்கா..."

மூச்சு வாங்கும் சத்தம். ஏதோ முறிவது போல... பிறகு ஒன்றுமில்லை.

4.05. அப்டேட் முடிந்தது. ஒன்பது சாவடியும் சாலை சரி என்றன. அக்கா வாக்கிடாக்கியை எடுத்தாள். பஸ் ஒரு மணி நேரம் அங்கேயே நிற்கட்டும் என்றாள்.

4.31.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மூன்றாவது வளைவில் பனி மொத்தமாகச் சரிந்து சாலையை மூடிவிட்டது. பஸ் கீழேதான் நின்றது.

சர்வரின் பதிவுகளை வரி வரியாகப் பார்த்தேன். 3.40 முதல் 4.05 வரை ஒரு அழைப்புகூட இல்லை.

கோடையில் அந்த வளைவில் புதிதாக ஒரு சாவடி கட்டினார்கள். எண் தலைநகரிலிருந்து வந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று. காவலுக்கு ஜொல்தோஷ்பெக் வந்தான். ஓஷ் ஊர்ப் பக்கத்துக்காரன். அதற்கு முன் இந்த மலையைப் பார்த்ததே இல்லையாம்.

முதல் நாள், ஃபோன் வேலை செய்கிறதா என்று பார்க்க எங்களை அழைத்தான்.

"அக்கா, இருபத்தி மூணாம் சாவடி."

அக்கா ஸ்பீக்கரைத் தட்டி, அவனை மறுபடி சொல்லச் சொன்னாள்.

அதே குரல்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவனை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டோம். பதில் வரவில்லை.

நேற்று கணவாயில் முதல் பனி விழுந்தது.