பிள்ளைக்கு அப்பாவைத் தெரியவேண்டும்

என் கணவர் ரெஜியின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று இங்கே சுவிஸில், பேர்ன் ஆஸ்பத்திரியில் சொன்னபோது நான் நிறைமாதக் கர்ப்பிணி. ரயிலில் எங்கள் ஊரான துன்னுக்குத் திரும்பினோம். அன்று எனக்கு எல்லாமே விட்டுப்போனது, சகோதரங்களே. வயிற்றில் ஒரு பிள்ளையைத் தந்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கர்த்தரோடு சண்டையே பிடித்தேன்.

உங்களில் பலருக்கு ரெஜியைக் கீபோர்ட்காரராகத்தான் தெரியும். இளவயதில் ஃப்ரிபூர்க், சூரிச் என்று எங்கள் ஆட்களின் திருமணங்களில் எல்லாம் வாசித்தார். பிறகு அதை விட்டுவிட்டு, மருந்தியல் படித்து, துன்னில் ஒரு அப்போதேக்கவில், அதாவது மருந்தகத்தில், மருந்தாளரானார். ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் சிரிப்பார்.

"கலியாண மண்டபத்திலை ஆர் பாட்டுக் கேக்கினம்? எல்லாரும் ரோல்ஸ் சாப்பிடுறதிலை நிப்பினம். அப்போதேக்கவிலை நான் வாய் திறந்தால் எல்லாரும் கவனமாய்க் கேக்கினம்."

அப்படிப்பட்ட மனுசன் ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்க வேண்டியதாயிற்று. அதற்காக அவருடைய இடக்கையில் இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் இரத்தம் ஓடும் ரீங்காரம் கேட்கும். அது நின்றால் ஆபத்து, தினமும் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ரெஜி காலையில் எழும்பியதும் கையைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு கீபோர்டில் அதே சுரத்தைத் தேடி அழுத்திக் காட்டுவார்.

"சுருதி சேர்ந்திருக்கு. இண்டைக்கும் ஆள் இருக்கிறன்" என்பார்.

எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். மகள் அபிஷா பிறந்த பிறகு, அவள் அழும்போது அந்தக் கையை அவள் காதருகே கொண்டுபோவார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

என் ஜெபம் நீளமானது அல்ல. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு அப்பாவைத் தெரியவேண்டும். ஒரு படத்தைக் காட்டி இவர்தான் உன் அப்பா என்று நான் சொல்லிக்கொடுக்கும்படி விட்டுவிடாதேயும்." அவ்வளவுதான். வீட்டில் சமைக்கும்போதும், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கட்டில் விரிக்கும்போதும் இதைத்தான் சொன்னேன். சபையாரான நீங்களும் எங்களோடு சேர்ந்து ஜெபித்தீர்கள். அபிஷா நடந்தாள், கதைத்தாள், கின்டர்கார்டனுக்கும் போகத் தொடங்கினாள். பொருத்தமான சிறுநீரகம் மட்டும் வரவில்லை. ரெஜி இளைத்துக்கொண்டே போனார். நான் கேட்பது அங்கே கேட்கிறதா என்று சில நாட்களில் சந்தேகமும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், வேலையிடத்தில் என் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வரவேண்டும், உங்கள் கணவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்றார்கள். எப்படி எடுப்பார்? ஆட்களோடு கதைக்கும்போது மணி அடிப்பது மரியாதை இல்லை என்று வேலையிடத்தில் அதை உடுப்பு அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற மனுசன்! நான் மருந்தகத்துக்கே அடித்தேன்.

"கொஞ்சம் பொறுமப்பா. ஒரு அம்மாவுக்குக் கண்ணுக்கு விடுற மருந்தை விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறன்."

"பொறுக்கேலாது! உங்களுக்குக் கிட்னி வந்திட்டுது!"

நீங்கள் நம்பமாட்டீர்கள், போத்தலைத் திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்கக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு ஜெர்மனில் சொல்லி முடித்தார். நான் அழுதுகொண்டே அவரை ஏசினேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நாங்கள் சிரித்த அந்த நாளில், முகம் தெரியாத ஒரு வீட்டில் அழுதிருப்பார்கள். அவர்களுக்காக இன்றும் எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு.

அதன்பின்னும் வருத்தம் எங்களை முற்றாக விட்டுவிடவில்லை. மாத்திரை, காய்ச்சல், திரும்பவும் ஆஸ்பத்திரி. ஆனாலும் ரெஜி வேலைக்குப் போனார். ஞாயிறு ஆராதனையில் வாசித்தார். அபிஷாவுக்குச் சைக்கிள் பழக்கினார், கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் அவளோடு சண்டை பிடித்தார். எனக்கு அவை நிறைவான வருடங்கள். கடந்த குளிர்காலத்தில் அவர் கர்த்தரிடம் போனார். அபிஷா என்னைவிட உயரமாக வளர்ந்திருந்தாள்.

அவர் போய்விட்டாரே, உங்கள் ஜெபம் என்ன ஆயிற்று என்று சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அடக்க ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி அபிஷாவின் கையைப் பிடித்தார்.

"உம்மடை அப்பா இவ்வளவு வருத்தத்திலையும் ஒரு நாளும் முறுமுறுக்கேல்லை, பிள்ளை."

அபிஷா கண்ணைத் துடைத்தாள். "இல்லை அன்ரி, ஒவ்வொரு நாளும் முறுமுறுத்தவர். ஆஸ்பத்திரிச் சூப்பிலை உப்பில்லை எண்டு நேர்ஸ்மாரோடை சண்டை. பிறகு முழுக்கக் குடிச்சுப்போட்டு, இன்னும் இருக்கோ எண்டும் கேப்பார். எனக்குத் தெரியாதோ அப்பாவை?"

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

முன்பெல்லாம் ஜெபிக்க உட்கார்ந்தால் நல்ல வார்த்தைகளாகத் தேடுவேன். இப்போது தேடுவதில்லை. நீங்களும் வேண்டியதை நேராகச் சொல்லிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நான் கேட்டதை எனக்குத் தந்தார். என் பிள்ளைக்கு அவளுடைய அப்பாவைத் தெரியும்.