பிள்ளையில்லாமல் இறந்தவன்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மாதத்துக்கு ஒரு வீட்டில் கூடும் தமிழ்ச் செபக்கூட்டத்தில், பழைய ஏற்பாட்டின் வம்ச வரிசைகள் வந்தால் எல்லோரும் தாண்டிப் போவதுதான் வழக்கம். இன்னாரின் மகன் இன்னார் என்று பக்கம் பக்கமாகப் போகும். 1993 ஒக்ரோபரில் வாசிக்கும் முறை செபமாலைமுத்துவுக்கு வந்தது. அவர் தாண்டவில்லை.

மன்னார்ப் பக்கத்தவர். ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட் வேலை. மகள் பியற்றிஸ் கலியாணம் முடித்து அப்டன் பார்க்கில் இருந்தாள். அவளுடைய தம்பி சூசைதாசனை 1985இல் ஊரில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அப்போது பத்தொன்பது வயது. பிறகு ஒரு தகவலும் இல்லை. லண்டனுக்கு வந்த பின்னும் அவன் பிறந்தநாளுக்குத் தாய் றோஸ்மலர் ஒரு சேட்டு வாங்கி வைப்பாள். ஆள் உடம்பு வைத்திருப்பான் என்று அளவைக் கூட்டியே வாங்குவாள்.

செலேத் என்றொருவன் பிள்ளையில்லாமல் இறந்தான் என்ற இடத்தில் செபமாலைமுத்துவின் குரல் நின்றுவிட்டது. வம்சத்தைச் சொல்லத்தானே இத்தனை பெயர்கள், வம்சமே இல்லாதவனை ஏன் எழுதினார்கள் என்று கேட்டார். கூட்டத்தை நடத்திய பஸ்தியாம்பிள்ளை, யூதர்கள் பாபிலோனுக்குச் சிறையாகப் போய், அழிந்த ஊருக்குத் திரும்பிய காலத்தில் தொகுத்த வரிசை அது என்றார். யார் எந்த வீட்டுப் பிள்ளை, யாருக்கு எந்தக் காணி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. செலேத்தைப் பற்றி அவருக்கும் தெளிவில்லை. ஆனாலும்,

"அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. விட்டால் அப்பிடி ஒருத்தன் இருக்கேல்லை எண்டாகிடும்," என்றார்.

அந்தச் சொல் செபமாலைமுத்துவின் மனதில் தைத்தது. நவம்பரில், இறந்தோருக்கான பூசையில் வாசிக்கப் பெயர் கொடுப்பார்கள். மனைவியிடம் சொல்லாமல் மகனின் பெயரைக் கொடுத்தார். சுவாமியார் சூசைதாசன் என்று வாசித்ததும் றோஸ்மலர் எழுந்து வெளியே போனாள். அவர் பின்னால் ஓடியபோது மழைக்குள் பஸ் தரிப்பில் நின்றாள்.

"நீங்களே பிள்ளையைச் சாகக் குடுத்திட்டியள்," என்றாள்.

"அவன்ரை பேரை ஓரிடத்திலயாவது சொல்ல வேணும், றோஸ். எனக்குப் பிறகு ஆர் சொல்லுவினம்?"

அவள் அந்தக் கிழமையே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கே போவார். தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். பேரப்பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுவாள். வீட்டுக்கு வா என்று கேட்க மட்டும் இடம் கொடுக்கமாட்டாள். அடுத்த நவம்பரில் பெயரைக் கொடுக்காமல் விட்டுப் பார்த்தார். அதற்கும் அவள் வரவில்லை.

1996 மாசியில், வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். விழுந்தது ஆஸ்பத்திரிக்குள்ளேயே என்றாலும் காப்பாற்ற ஏலவில்லை.

பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுத பியற்றிஸ் உட்கார்ந்தாள். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும் என்று எழுதிக்கொண்டு வந்தவள், பிள்ளைகளின் பெயரில் நின்றாள். தம்பியின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று தாயிடம் கேட்டாள்.

"போடாதை," என்றாள் றோஸ்மலர். "அவன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. எப்பவோ தெரியும். ஆனா அதை நான் எழுத விடமாட்டன்."

பியற்றிஸ், சூசைதாசன் ஆகியோரின் அன்புத் தந்தையும் என்றே அச்சில் வந்தது. அன்று பின்னேரம் கனடாவிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர் போன் எடுத்தார். துக்கம் விசாரித்துவிட்டு, அறிவித்தலில் 'காலஞ்சென்ற' போடவில்லையாமே, மகன் கிடைத்துவிட்டானா என்று சந்தோஷமாகக் கேட்டார். றோஸ்மலர் ரிசீவரை மகளிடம் நீட்டிவிட்டு, அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.